பதினேழாவது கிழங்கு

மூன்றாம் தேதி இரவு முதல் உறைபனி.
விடிந்து பார்த்தால் டேலியாச் செடிகளெல்லாம்
வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்குகின்றன.
ஊர்மஸுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
"கறுத்துவிட்டது. வந்து எடுத்துக்கொள்."

சனிக்கிழமை வந்தான்,
தோளில் புதுக் கவைக்கோல்.
அதே மாதிரி ஒன்று நம் கொட்டகையில்,
இல்லை, என் கொட்டகையில்
இருப்பதை மறந்தவன்போல.

ஜூன் மாதம் வோரு நீதிமன்றம்
வீட்டை எனக்கும் காரை அவனுக்கும் எழுதிற்று.
படகைக்கூட ஒரு தொகையாக்கிப் பாதி போட்டார்கள்.
மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
"கிழங்கில் பாதி என்னுடையது" என்றான் பிறகு, தொலைபேசியில்.
சரிதான். குழி வெட்டியது அவன்.
ஒன்பது கோடை தண்ணீர் விட்டது யார் என்று
நான் கேட்கவில்லை.

ஆளுக்கொரு வரிசை.
தண்டில் ஒரு சாண் விட்டு வெட்டு,
ஒரு முழம் தள்ளிக் கவைக்கோலை இறக்கு,
நெம்பு.
பேச்சு இதற்குமேல் போகவில்லை.
உதற உதற மண் விழுகிறது,
விரல் மரக்கிறது.

இன்னும் கிடக்கிறது வேலை.
தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்க்க வேண்டும்.
வெளிக்குழாயை வடித்து அடைக்க வேண்டும்.
ரோஜாக்களின் காலடியில் மண் அணைத்து
ஸ்ப்ரூஸ் கிளை போர்த்த வேண்டும்; அது இப்போதல்ல,
தரை கொஞ்சம் இறுகட்டும்.
முன்கூட்டிப் போர்த்தினால் உள்ளேயே புழுங்கி அழுகும்.
போன வருடம் அப்படித்தான் மூன்று போயிற்று,
நான்தான் அவசரப்பட்டேன்.
பூண்டை மட்டும் நேற்றே ஊன்றிவிட்டேன்,
கூர்முனை மேலே பார்க்க.
குளிர் படாத பூண்டு பல் பிரியாது,
ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும்.

மதியம் கத்தியை எடுத்தான்.
முதல் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கழுத்தடியில் பொடியாய்க் கண் இருக்கும்.
கண் இல்லாத துண்டு
எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்,
இறக்கினான்,
என்னிடம் நீட்டினான்.
எனக்கும் தெரியவில்லை.

"ஏப்ரலில் தெரியும்" என்றேன்.
"என் அடுக்குமாடியில் அறைக்கு அறை சூடு.
கிறிஸ்துமஸுக்குள் வற்றலாகிவிடும்."
"நிலவறையில் ஐந்து டிகிரி."
சொன்ன பிறகுதான்
என் காதிலேயே விழுந்தது.

மரத்தூள் பரப்பிப் பெட்டிகளில் அடுக்கினோம்.
மை ஈரத்தில் ஓடிவிடும் என்று
பென்சிலால் எழுதினான்:
உயர மஞ்சள். பந்துச் சிவப்பு.
பக்கத்து வீட்டு லைனே கொடுத்த ஊதா.
"ஊதா"வில் எழுத்துப்பிழை,
ஒன்பது வருடமாக அதே பிழை.
பதினாறு கொத்து.
சீட்டில் பதினாறு என்று குறித்துக்கொண்டு
நிலவறைப் படியில் தலை இடிக்காமல் குனிந்து ஏறினான்.
பழக்கம்.
காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் குடித்திருப்பான்.

சாயங்காலம் முள்ளெலிக்காக
வேலியோரம் சருகு குவித்தேன்.
வாரியின் பல்லில் ஏதோ தட்டியது.
ஒடிந்த தண்டு ஒன்று, தரையோடு தரையாக.
வெள்ளை.
ஆகஸ்ட் காற்றில் சாய்ந்தது,
இரண்டு பேருமே செத்துவிட்டதென்று விட்டது.

இரவு மைனஸ் ஆறு என்றது வானொலி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையாலேயே பறித்தேன்.
கவைக்கோல் பட்டால் காயமாகும்.
சின்னக் கொத்துதான்,
என் உள்ளங்கைக்குள் அடங்கியது.
அழுகலா என்று அழுத்திப் பார்த்தேன்:
கல்போல் இருந்தது.

பெட்டியில் இடம் இருந்தது.
பெயர் எழுதவில்லை.
ஊர்மஸுக்குச் சொல்வதா என்று
படியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பீப்பாய் நினைவு வந்தது.
போய்க் கவிழ்த்தேன்.
குழாயிலிருந்து கடைசித் தண்ணீர்
சொட்டு சொட்டாக வடிந்து முடியும்வரை
திருகைப் பிடித்தபடி நின்றேன்.